விஷுவுக்குள் ஒரு சவுண்ட் கார்டு

அந்த இரைச்சலை முதலில் கேட்டது நான் அல்ல, அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பி. மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நாலரை மணி. என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. வலியசாலையில் எங்கள் வீட்டின் பின்னறையில் கணினிக்கு முன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.

“அக்கா, உங்காத்துல கிரைண்டர் ஓடறதா?” என்றான்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாராவது மாவரைப்பாளா?”

“அப்போ கொய்ய்ய்னு ஒண்ணு கேக்கறதே, அது என்ன? நீ பேசாம இருந்தாலும் அது பேசிண்டே இருக்கு.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் காதிலும் இருந்தது. மெல்லியதாக, டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நிற்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. எப்போதும் இருந்ததால்தான் அதுவரை நான் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கின்றன. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த வாரத்திலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பக்கத்தின் இடது ஓரத்தில் மலையாளத் தேதி, வலது ஓரத்தில் தமிழ்த் தேதி, நடுவில் இங்கிலீஷ் தேதி. மலையாள மீனமும் தமிழ்ப் பங்குனியும் ஒரே சூரியனைப் பார்த்துத்தான் பிறக்கின்றன. ஆனாலும் சில வருடங்களில் ஒரு நாள் முன்பின்னாகிவிடும். அந்த ஒரு நாளுக்காகவே இரண்டையும் எழுதுகிறேன். என் கணவர் இதை “மூணு கடிகாரம் கட்டிண்டு மணி கேக்கறவள்” என்பார்.

ஆட்டம் எனக்குத் தம்பி சொல்லிக்கொடுத்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்திருந்தான். பொழுது போகவில்லை என்று என்னை இழுத்தான். கால் கூடிவிட்டது, வங்கிக்கும் போகத் தொடங்கிவிட்டான், ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம். இடிந்துபோன ஒரு துறைமுகம். இரண்டு பேர் கொண்ட இரண்டு அணிகள். கிடங்குகளுக்குள் பதுங்கிப் போய் எதிரணியின் கொடியை எடுத்துவர வேண்டும். கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சிமெண்டுத் தரையில் ஒருவர் நடந்தால் ஒரு சத்தம், தகரத்தில் நடந்தால் ஒரு சத்தம், மரப்பலகையில் நடந்தால் வேறொன்று. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஜெயித்த மாதிரி.

வருடப்பிறப்பன்று மட்டும் எதிரணி எங்கள் குடும்பத்திலேயே இருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியின் மகனும் மருமகளும் ஒரு பக்கம், நானும் தம்பியும் ஒரு பக்கம். ஜெயித்தவர்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அடுத்த ஒரு வருடத்துக்குப் பெயர் வைக்கலாம். சென்ற வருடம் சின்னவர்கள் ஜெயித்து ‘முதியோர் பூங்கா’ என்று வைத்தார்கள். ஒரு வருடம் முழுக்க ஓணவாழ்த்து, தீபாவளி வாழ்த்து, சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் எல்லாம் முதியோர் பூங்காவுக்குள்தான் வந்து விழுந்தன.

“இந்தத் தடவை அந்தப் பேரைத் தூக்கணும்” என்றான் தம்பி. “ஆனா உன் கொய்ய்ய்ல எனக்கு எதிராளி காலடியே கேக்க மாட்டேங்கறது. விஷுவுக்குள்ள அதைச் சரி பண்ணு, அக்கா. இல்லேன்னா எங்க பிராஞ்சு கேஷியரைச் சேத்துப்பேன்.”

“கேஷியரையா?”

“நன்னா ஆடறார். முக்கியமா, அவர் மைக்ல அவர் பேசறது மட்டும்தான் கேக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துவிட்டால் எனக்கும் அவனுக்கும் மிச்சமிருப்பது பண்டிகை வாழ்த்தும் “சாப்டாச்சா”வும்தான். கொடியைத் தேடிப் போகிற நேரத்தில்தான் அவன் தன் முதுகுவலியைச் சொல்லியிருக்கிறான், நான் ஓய்வுபெறும் பயத்தைச் சொல்லியிருக்கிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசியதில்லை. அன்றைய பக்கத்தின் கீழே எழுதினேன்: “மேடம் ஒன்றுக்கு முன் இரைச்சல் போக வேண்டும்.” மேடம் ஒன்றுதான் விஷு, மலையாளத்து வருடப்பிறப்பு. கோடும் இழுத்தேன்.

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி அச்சில் வந்ததை எல்லாம் படித்துவிடுவது என் வழக்கம். இரண்டு வாரம் படித்தேன். கணினியின் மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையிலேயே ஒலிக்கு ஒரு சில்லு இருக்கிறது. அது போதாதென்றால் தனியாக சவுண்ட் கார்டு போடலாம். அதில் இரண்டு ஜாதி: பெட்டியைத் திறந்து உள்ளே செருகுவது ஒன்று, யுஎஸ்பி வயரில் வெளியே தொங்குவது ஒன்று. உள்ளே இருப்பதுதான் உறுதி என்று ஒரு கட்சி. உள்ளே மின்சாரக் கூச்சல், வெளியே வைப்பதுதான் சுத்தம் என்று இன்னொரு கட்சி. ஒரு விவாத மேடையில் இதற்காக இரண்டு பேர் நாற்பத்தேழு பதில்கள் எழுதிச் சண்டை போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். கடைசிப் பதில் வெறும் “குட்நைட்”.

இதற்கிடையில் என் கணவரும் ஒரு மனு போட்டார். சென்ற வருடம் ஓய்வுபெற்றவர். எங்கள் மகள் அவருக்குப் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். காதையும் பாதிக் கன்னத்தையும் மூடும். அதை மாட்டிக்கொண்டு, தான் கோயில் உற்சவங்களில் பதிவு செய்து வைத்திருக்கும் நாதஸ்வரத்தைக் கேட்பார். கணினியில் மாட்டினால் முழுச் சத்தம் வைத்தாலும் அடுத்த தெருவில் வாசிப்பது போலத்தான் இருக்கும். அந்த ரக ஹெட்போனுக்குத் தள்ளிவிட வலு வேண்டுமாம்.

“உன் துப்பாக்கிக்கு வாங்கறதோட என் நாதஸ்வரத்துக்கும் சேத்து வாங்கு” என்றார்.

“துப்பாக்கி இல்லை, கொடி.”

“ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் நீ ஆத்துல கத்தறே.”

பங்குனி இரண்டாம் சனிக்கிழமை தம்பானூர் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மலையாளி; சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவின் தமிழர்களோடு பழகிய நாக்கு. என் கணவர் கொண்டுவந்த ஹெட்போனைப் பார்த்ததும் அவருக்கு மரியாதை, நான் கொண்டுவந்த ஹெட்செட்டைப் பார்த்ததும் ஆச்சரியம்.

“கேமிங் ஆருக்கு, மாமி? பேரனுக்கோ?”

“எனக்குத்தான்.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அப்போ பின்னே விவரமாயிட்டு சொல்லாம்” என்று தொடங்கி, உள்ளே செருகும் கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். சிவப்பு விளக்கெல்லாம் எரியும். எட்டுத் திசையிலிருந்தும் ஒலி வருமாம். எதிராளி முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டாலும் தெரியுமாம்.

“எட்டுத் திசை எதுக்கு? காது ரெண்டுதானே?” என்றார் கணவர்.

“சாருக்கு வலு வேணும், மாமிக்கு திசை வேணும். இதில் ரெண்டும் உண்டு. இஷ்டப்பட்டில்லெங்கில் விஷுவுக்கு முன்னே கொண்டு வாங்கோ, மாத்தித் தரேன்.”

வெளியே தொங்கும் ரகத்தில் ஒன்றும் இருந்தது. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி, மேலே ஒரு திருகு. விளக்கு கிடையாது. அதற்காக அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. நாங்கள் சிவப்பு விளக்கை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அன்றே கடைக்காரரே வந்து பெட்டியைத் திறந்து செருகிக் கொடுத்தார். கணவர் ஹெட்போனை மாட்டினார். நாதஸ்வரம் அடுத்த தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஞாயிறு மாலை தம்பியைக் கூப்பிட்டேன்.

“ஐயோ அக்கா,” என்றான் அவன், “இப்போ கொய்ய்ய் இன்னும் நன்னா, துல்லியமா கேக்கறது!”

நல்ல கார்டு என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று கிடைக்காது. இருந்த இரைச்சலைத் தெளிவாக எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்த ஞாயிறு நாங்கள் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றோம். தம்பி கேஷியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

அடுத்து வந்த புதன்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். வடாம் போடுவதற்கென்றே எடுத்த விடுப்பு. கணவர் சாலைக் கம்போளத்துக்குக் காய் வாங்கப் போயிருந்தார். வடாம் பிழிவதற்கு முன் பத்து நிமிடம் கணினியோடு மல்லாடினேன். மைக்கை மாற்றிச் செருகினேன், ஒலியளவைக் குறைத்தேன், கூட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. இரும்புப் பெட்டியில் கை பட்டபோது விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுரீர். அலுப்போடு தம்பிக்கு ஒரு செய்தி அடித்தேன். அதை எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்:

“புதுக் கார்டு போட்டும் கம்ப்யூட்டர் மூளறது. நிமிஷத்துக்கு நிமிஷம் ஜாஸ்தியாறது. கேபினெட்டைத் தொட்டா சுள்ளுங்கறது. என்னால ஒண்ணும் பண்ண முடியலை. நான் மொட்டை மாடிக்குப் போறேன்.”

செல்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மாவுப் பாத்திரத்தோடு மாடிக்குப் போனேன்.

கீழே நடந்ததைப் பிற்பாடுதான் கேட்டு எழுதிவைத்தேன். தம்பி எனக்கு ஆறு தடவை அழைத்திருக்கிறான். என் கணவருக்கு நான்கு தடவை. அவர் செல்பேசியை எப்போதும் ஊமையாக வைத்திருப்பவர். கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரைப் பிடித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எங்கள் மகள் கல்யாணத்தின்போது பந்தி விசாரித்தவர் என்பதால் அவர் எண் அவனிடம் இருந்தது. “டீச்சர், அக்கா ஆத்துல கம்ப்யூட்டர் பத்திண்டு எரியறது! அவ மாடிக்கு ஓடிட்டா!” என்றிருக்கிறான்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்பவை. ஒரு வீட்டில் தீ என்றால் அடுத்த வீட்டிலும் தீதான். டீச்சர் திறந்திருந்த வாசல் வழியாக ஓடிவந்து முதலில் மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார். பின்னறைக்குள் போய், வயர்களை எல்லாம் ஒரே இழுப்பில் பிடுங்கி, கணினிப் பெட்டியைத் தரதரவென்று நடு ஹாலுக்கு இழுத்து வந்து, எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே ஒரு கோணிச்சாக்கை எடுத்து அதன்மேல் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் வெறும் பாத்திரத்தோடு படியிறங்கி வந்தபோது ஹால் நடுவில் சாக்கு மூடிய ஒன்றின்மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தார். யாரோ பலாப்பழம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

“எடீ, நீ பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வரே!” என்றார். “தீ எங்கேயாக்கும்?”

“என்ன தீ?”

“உன் தம்பி சொன்னானே!” செல்பேசி அவர் கையிலேயே இருந்தது. தம்பி இன்னும் அந்தப் பக்கம் “டீச்சர், டீச்சர்” என்று கத்திக்கொண்டிருந்தான். அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா! உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“வடாம் பிழிஞ்சேன். என்னடா ஆகணும்?”

“நீதானே மூளறதுன்னு எழுதியிருக்கே! மூளறது, ஜாஸ்தியாறது, தொட்டா சுடறது, மாடிக்குப் போறேன்னு!”

“சுடறதுன்னு எங்கடா எழுதினேன்?”

டீச்சர் சாக்கின்மேலிருந்து மெதுவாக எழுந்தார். “கம்ப்யூட்டர் மூளறதுன்னா எழுதினா?” என்று அவனைக் கேட்டார். “ஏன்பா, உங்க ஊர்ல மூளறதுன்னா என்ன?”

“தீ மூளறது, டீச்சர். சண்டை மூளறது. வேறென்ன மூளும்?”

அவ்வளவுதான். டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மலையாளத்தில் மூளுவது என்றால் வாயை மூடிக்கொண்டு பாட்டை முனகுவது, வண்டு ரீங்கரிப்பது என்று அவனுக்கும் விளக்கினார். இரைச்சல் போடுகிற ஃபேனை எங்கள் தெருவில் எல்லோரும் “ஃபேன் மூளறது” என்றுதான் சொல்வோம். அது தமிழ் இல்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருடம் நாட்குறிப்பில் இரண்டு தேதிகளையும் தனித்தனி ஓரத்தில் பிரித்து எழுதியவள், வார்த்தையைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன்.

“பாட்டா?” என்றான் தம்பி. “கம்ப்யூட்டர் பாடறதுன்னா எழுதியிருக்கே? என் பிபி ஏறிப்போச்சு! மேனேஜர் தண்ணி கொண்டு வந்து குடுத்தார்! கேஷியர் நூத்தியொண்ணுக்குப் போன் போடப் போனார்!”

“கேஷியரா? அவர் மைக் நன்னா இருக்குமே, போடச் சொல்லேன்” என்றேன். அந்த வாய்ப்பை நான் விடவில்லை.

சிரித்து முடித்ததும் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. திரும்பப் பின்னறைக்குத் தூக்கிப் போக இருவருக்கும் தெம்பில்லை. ஹாலிலேயே ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் கணினியைச் செருகினோம். மானிட்டரை முக்காலியில் வைத்தோம். மெயினைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தம்பியை ஆட்டத்தின் வழியாகக் கூப்பிட்டேன். மதிய இடைவேளையில் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான்.

கொய்ய்ய் வருகிறதா என்று இருவரும் காத்திருந்தோம்.

“அக்கா?” என்றான் கடைசியில். “லைன்ல இருக்கியா?”

“இருக்கேனே.”

“சத்தமே இல்லையே. கட்டாயிடுத்துன்னு நினைச்சேன்.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இல்லை. அவன் சமையலறையில் யாரோ டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. டீச்சரின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கள் இருவரின் வயதுக்கும் அந்த ஹாலுக்கும் அது கொஞ்சம் அதிகம்தான்.

ஹாலில் இல்லாத இரைச்சல் பின்னறையில் ஏன்? பெட்டியைத் தொட்டபோது சுரீர் என்றது ஏன்? டீச்சர் கணக்கு டீச்சர்தானே. “மாறினது ஒண்ணே ஒண்ணு, பிளக்கு” என்றார். அன்று மாலை நான் பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். பின்னறைக்கு மின்வேலை செய்தது எங்கள் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் என்று நினைவு. தேடினேன். கன்னி மாதத்து, நம் புரட்டாசியின், வியாழக்கிழமை ஒன்றில் இருந்தது: “பின்னறையில் மூன்று துளை பிளக் வைத்தாயிற்று. மழை வந்துவிட்டது. பாக்கி வேலையை நாளை வந்து முடிப்பதாகச் சொல்லி எலக்ட்ரீஷியன் போனார்.”

மறுநாள் பக்கத்தைத் திருப்பினேன். எலக்ட்ரீஷியன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மாதம் முழுக்கத் தேடினேன். நவராத்திரி வந்தது, கொலு வைத்தோம், அவர் வரவில்லை.

கணவருக்குப் படித்துக் காட்டினேன். “அவர் சொன்ன நாளை இன்னும் வரலை, அவ்வளவுதான்” என்றார்.

ஆரியசாலையிலிருந்து புது எலக்ட்ரீஷியன் வந்து பின்னறைப் பிளக் பாயிண்ட்டைக் கழற்றினார். பார்த்துவிட்டு எங்களையும் பார்க்கச் சொன்னார். “துளை மூணு உண்டு. மூணாவது துளைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லை. எர்த் வயரே இழுக்கலை. சும்மா ஒரு அலங்காரம்.” தரைக்குப் போக வழியில்லாத மின்சாரம் பெட்டியில் நின்றுகொண்டு என் விரலில் சுரீர் என்றும் தம்பியின் காதில் கொய்ய்ய் என்றும் ஆகியிருக்கிறது. இத்தனை நாள் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருந்ததே அதிர்ஷ்டம் என்றார். தம்பி பயந்ததும் அர்த்தமில்லாமல் இல்லை. அரை நாளில் வயர் இழுத்து முடித்தார். பழைய நாட்குறிப்பை எடுத்து, “பாக்கி வேலை” என்ற வரிக்குப் பக்கத்தில் அன்றைய மூன்று தேதிகளையும் போட்டு “முடிந்தது” என்று எழுதினேன்.

இனி கார்டே தேவையில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மாற்றுவதானால் விஷுவுக்குள் மாற்ற வேண்டும். ஆகவே ஒரு பரீட்சை வைத்தேன். கடைக்காரரிடம் சொல்லி அந்தக் கறுப்புப் பெட்டியையும் இரண்டு நாளைக்கு வாங்கி வந்தேன். கணவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றிலும் மாற்றிச் செருகினேன். தாய்ப்பலகையின் ஒலியை உடனே கண்டுபிடித்தார். அது மறுபடியும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பிறகு சிவப்பு விளக்குக் கார்டில் செருகினேன்.

“இது கொஞ்சம் கூர்மை ஜாஸ்தி. சீவாளியைப் பல்லால கடிக்கிறாப்பல.”

மறுபடி செருகினேன்.

“ஆ, இதுதான்! கனம் இருக்கு, குளுமை இருக்கு. மண்டபத்துல உக்காந்தாப்பல.”

“ரெண்டாவது தடவையும் அதே கார்டுலதான் செருகினேன்” என்றேன்.

துண்டுக்குக் கீழே அவர் வாய் மட்டும் தெரிந்தது. “என்னைச் சோதிக்கிறியா, கார்டைச் சோதிக்கிறியா?” என்றது அது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் காது என் காதைத் தோற்கடித்தது. நான் ஆட்டத்தை மூடாமல் பின்னால் ஓடவிட்டிருந்தேன். நாதஸ்வரம் ஒரு கீர்த்தனைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நின்ற இடத்தில் அவர் பட்டென்று தன் கன்னத்தில் அறைந்துகொண்டார். கொஞ்சம் கழித்து இன்னொரு கன்னத்தில்.

“என்ன?”

“கொசு. ஹெட்போனுக்குள்ள பூந்துடுத்து.”

ஆட்டத்தை மூடினேன். கொசு போயிற்று. திறந்தேன், வந்தது. பெட்டிக்குள் படம் காட்டும் கார்டு சுறுசுறுப்பாக உழைக்கும்போதெல்லாம் அதன் பக்கத்தில் செருகியிருந்த ஒலிக் கார்டில் அந்த முணுமுணுப்பு ஏறிவிடுகிறது. பெரிய இரைச்சல் இருந்தவரை இந்தச் சின்ன இரைச்சல் யாருக்கும் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டி வெளியே மேசைமேல் இருந்ததால் அதில் கொசு இல்லை. நாற்பத்தேழு பதில்களுக்கு முடிவு என் கணவரின் இரண்டு கன்னங்களில் கிடைத்தது.

எட்டுத் திசையையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மாலை தம்பியை ஆட்டத்துக்குள் என்னைச் சுற்றி நடக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு திசை சொன்னேன். சிவப்பு விளக்கின் எட்டுத் திசையைப் போட்டதும் அவன் குளியலறையில் பத்துப் பேராக நடப்பது போல் இருந்தது. “எல்லாப் பக்கத்துலேர்ந்தும் நீயே வரே” என்றேன். அதை அணைத்துவிட்டு வெறும் இடது வலது என்று கேட்டபோது பன்னிரண்டு தடவையில் பதினொன்று சரி. ஒன்றில் தவறியதற்கும் காரணம் குக்கர் விசில்.

கறுப்புப் பெட்டியையே வைத்துக்கொண்டோம். கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் சிரித்தார். “மாமி, பெட்டியில் லைட் இல்லா கேட்டோ” என்று எச்சரித்தார். எங்களுக்கு அதன் திருகுதான் பிடித்திருந்தது. நாதஸ்வரத்துக்கு இரண்டு மணி, ஆட்டத்துக்குப் பத்து மணி என்று கடிகார முள் மாதிரித் திருப்பினால் போதும்.

இந்த வருடம் சித்திரை ஒன்றும் மேடம் ஒன்றும் ஒரே நாளில் வந்தன. விடியலில் விஷுக்கணி கண்டு, பாயசம் வைத்து, மாலை நாலரைக்குப் பின்னறையில் உட்கார்ந்தேன். கணவரும் டீச்சரும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று ஆட்டம். முதலாவது சின்னவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் கொடி தம்பியின் கையில் இருந்தது. நான் அவனுக்குப் பத்தடி முன்னால் கிடங்கின் வாசலில். திரையில் யாரும் இல்லை. காதில் கடல். அதற்குள் மிக மெதுவாக, ஒரே ஒரு மரப்பலகை.

“உனக்கு இடது பக்கம் பின்னாடி. பலகைல” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நிஜமாவா?”

“வெறுதே பேசிண்டு நிக்காதே, திரும்பு!”

திரும்பினான். மருமகள் பலகையில் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தடுத்துவிட்டு அவன் ஓடினான், நான் அவன் மகனை வாசலில் மறித்துக்கொண்டேன். கொடி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

“அத்தை, நீங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேள்!” என்று கோயம்புத்தூரிலிருந்து கத்தினாள் மருமகள். “நான் பூனை மாதிரி நடந்தேன்!”

“பூனை பலகைல நடந்தா எங்க அக்காவுக்குக் கேக்கும்” என்றான் தம்பி. கேஷியர் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுத்ததில்லை. டீச்சர் என் தோளைத் தட்டினார். கணவர் அதற்குள் ஹெட்செட்டைக் கழற்றித் தன் ஹெட்போனைச் செருகித் திருகை இரண்டு மணிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

குழுவுக்குப் பெயர் வைக்கும் உரிமையைத் தம்பி என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் முதியோர் பூங்கா மறைந்து, ‘வலியசாலை மூளறது’ என்று வந்தது.

மறுநாள், மேடம் இரண்டு, காலை ஆறே முக்காலுக்குச் செல்பேசி அடித்தது. மதுரையில் இருக்கும் எங்கள் சித்தி மகள். கதை ஒன்றும் தெரியாதவள். தூங்கி எழுந்து குழுவின் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா,” என்றாள், “ஃபயர் இன்ஜின் வந்துதா?”